முதுகு துடைத்த பெரணி

போன மாதம் நாகல் நகரில் ஒரு கல்யாணம். பந்தியில் இடம் கிடைக்கும்வரை மண்டப வாசலில் நின்றிருந்தோம். அலங்காரத்துக்கு வாடகைக்கு எடுத்து வைத்திருந்த தொட்டிகளில் ஒன்றில் பெரணிச் செடி. நான் ஓய்வு பெற்ற தாவரவியல் துறையில் இப்போது வேலை பார்க்கும் சுகன்யா அதைப் போனில் படம் பிடித்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போன் ஒரு பெயரைச் சொல்லிவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "மேடம், இதுக்கா நீங்க ஆயுசு பூரா லென்சும் கையுமா ஒக்காந்திருந்தீங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாண வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏத்தா, ஒன் போன் சொன்னது சரியா தப்பான்னு யாருகிட்ட கேப்ப?"

"உங்ககிட்டதான் மேடம்!"

வாய் மட்டும் ஊருக்குக் காணும். ஆனால் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொல்லி, "பாண்டிச்செல்வி அக்கா பெரணி விஷயத்தை எழுதித் தாங்களேன், துறை மலர்ல போடுவோம்" என்று கேட்டாள். பாயசத்துக்கு மயங்கித் தலையாட்டிவிட்டேன். சர்க்கரை இருக்கிறவள் செய்கிற காரியமா அது!

என் பெயர் மைமூன். திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்லூரி ஹெர்பேரியத்தில் உதவியாளராகச் சேர்ந்து காப்பாளராக ஓய்வு பெற்றேன். ஹெர்பேரியம் என்றால், செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயர் எழுதி, பூச்சி அரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைக்கிற இடம். வேலைக்கு உத்தரவு வந்த அன்று பெரியத்தா வந்து, "சருகு பொறுக்கவா பொம்பளப் புள்ளைய இம்புட்டுப் படிக்க வச்ச?" என்று குதித்தார். எங்கள் அத்தாவுக்குத் தோல் வியாபாரம். உப்புப் போட்ட தோலை மடித்துக்கொண்டே அவர் பதில் சொன்னார். "செத்த தோலு கெடாம நான் பாத்துக்கிறேன், செத்த எல கெடாம எம்மக பாத்துக்கட்டும். ரெண்டும் ஒரே யாவாரந்தேன்." அதோடு பேச்சு முடிந்தது. அல்லாஹ் அவருடைய கப்ருக்குழியை விசாலமாக்குவானாக. அந்த ஒரு வார்த்தையில்தான் நான் ஓய்வூதியம் வாங்குகிறவரைக்கும் வந்தேன்.

தண்ணீர் லாரியைக் கண்டால் குடத்தோடு ஓடுகிற ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு, மழை விடாத மலைக்காட்டுப் பெரணிக்குப் பெயர் வைப்பதா என்று கேலி செய்யாத ஆள் இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது. மலையில் பறித்ததை மலையிலேயே காயவைத்தால், அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போகும். கீழே கொண்டுவந்து பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால், நம்ம ஊர்க் காற்றுக்கு அப்பளமாகக் காய்ந்துவிடும், பச்சையும் மாறாது. மலையில் இருக்கிற எங்கள் சிநேகிதர்கள் இந்த ஒரு விஷயத்தில் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

சேர்ந்த புதிதில் பசை காய்ச்சினேன், தாள் வெட்டினேன், பாச்சை உருண்டை நாற்றத்தில் தும்மினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியது பொன்னுச்சாமி சாரைப் பற்றித்தான்.

அவர் எங்கள் துறைத் தலைவர். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கல்லூரி வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "செத்த நகருங்க" என்பார். ஒரு பெரணி மேஜைக்கு வந்தால் போய்க் கையைக் கழுவிவிட்டு வருவார். முதல் கேள்வி, "எங்க நின்னுதுங்க? மண்ணுலீங்களா, பாறையிலீங்களா, மரத்து மேலீங்களா?" பிறகு காம்பின் அடியைப் பார்ப்பார். அங்கே செதில் இருக்கிறதா முடி இருக்கிறதா, என்ன நிறம் என்று லென்ஸில் பார்த்துவிட்டு, பிளேடால் காம்பைக் குறுக்கே சீவி உள்ளே ஓடும் நரம்புகளைப் பார்ப்பார். பிறகு இலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கடைசியாகத்தான் திருப்பி முதுகைப் பார்ப்பார்.

பெரணிக்குப் பூவும் கிடையாது, காயும் கிடையாது. அதன் வம்சம் முழுக்க இலையின் முதுகில்தான் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் வரிசையாகப் புள்ளி வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் தூள் போன்ற வித்துகளின் குவியல். பல இனங்களில் ஒவ்வொரு குவியலுக்கும் கடுகிலும் சிறியதாய் ஒரு மூடி உண்டு. மூடியின் வடிவத்தைப் பார்த்தால் அது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும். "முதுகைப் பாக்காம பேரு வெக்காதீங்க" என்பது சாருடைய மந்திரம்.

அவர் 'தப்பு' என்று யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் செடியைக் கொண்டுவந்து இன்ன பெயர் என்று அடித்துச் சொன்னால், சார் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இருக்கலாமுங்க" என்பார். வெளியூர்க்காரர்கள் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். எங்களுக்குத்தான் தெரியும், 'இருக்கலாமுங்க' என்றால் இல்லவே இல்லை. 'இருக்குமுங்க' என்றால் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாய். 'இருக்குதுங்க' என்று சொல்லிவிட்டாரானால் அதன்மேல் வீடு கட்டலாம். அந்தக் கடைசி வார்த்தையை அவர் வாயில் வாங்க ஆய்வு மாணவர்கள் தவமாய்த் தவம் கிடப்பார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் அவர் காலடியில்தான் கற்றுக்கொண்டேன். தாளில் ஒட்டிய செடிக்குப் பெயர் தவறு என்று பின்னால் தெரிந்தால், பழைய பெயர்ச் சீட்டைக் கிழிக்கக் கூடாது, அதன்மேல் ஒட்டவும் கூடாது. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்ட வேண்டும். தப்பாகச் சொன்னவர் பெயரும் தாளில் அப்படியே இருக்கும். கௌரவம் பார்க்கிறவர்களுக்கு இது லாயக்கில்லாத வேலை.

பாண்டிச்செல்வி சாரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவள். வத்தலக்குண்டு பக்கத்தில் கிராமம். அப்பா வெள்ளைச்சாமிக்கு வெற்றிலைக் கொடிக்கால். கணவர் வேடசந்தூரில் நூல் மில்லில் வேலை. மேல்மலை ஈரக்காட்டில் தரையில் வளரும் பெரணிகளை வகைப்படுத்துவது அவள் ஆராய்ச்சி. அட்டைக்கடிக்கு உப்பும், துணைக்கு அப்பாவுமாக மலையெல்லாம் சுற்றினாள். ஒரு நீரோடைச் சரிவில், மர நிழலில், மண்ணில் ஒரே ஒரு குத்துப் பெரணியைக் கண்டாள். அதே சரிவிலிருந்து சார் தன் இளவயதில் ஓர் இலை கொண்டுவந்து, இந்த மலையில் சாதாரணமாகக் கிடைக்கிற இனம் என்று பெயர் வைத்து, தன் பட்டியலிலும் அச்சிட்டிருந்தார்.

"சார், இது அது இல்ல" என்றாள் பாண்டிச்செல்வி.

எனக்குப் பக்கென்றது. வழிகாட்டியிடமா இப்படிப் பேசுவது? அவள் இலையின் ஓரத்தைக் காட்டினாள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் மெல்லிய முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இந்த மலைத் தொடரில் இதுவரை யாரும் பார்க்காத இனம் இது என்பது அவள் கட்சி. சார் தன்னுடைய பழைய தாளையும் அவள் இலையையும் அடுத்தடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு இலைகளின் முதுகும் வெறுமை. அவள் போன சமயத்திலும் புள்ளி வரவில்லை.

"இருக்கலாமுங்க அம்மிணி" என்றார்.

அவள் கண் கலங்கிவிட்டது. உடனே அவரே சொன்னார். "நானும் முதுகைப் பாக்காமத்தானுங்க பேரு வெச்சிருக்கேன். அந்த வயசு அப்படி. நீங்க எழுதுங்க. என்னை மறுத்து எழுதோணும்னா நல்லா எழுதோணும், அவ்வளவுதானுங்க." எத்தனை பெரிய மனிதர்கள் இப்படிச் சொல்வார்கள்? எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ஆய்வேடு வெளியே தேர்வாளருக்குப் போனது. அறிக்கை வந்தபோது பாண்டிச்செல்விக்கு நிறைமாதம். மற்ற அத்தியாயங்களெல்லாம் பிரமாதம் என்று எழுதியிருந்தார். ஆனால் இந்தப் பெரணியைச் சுற்றித்தான் அவளுடைய வகைப்பாடே கட்டப்பட்டிருந்தது. வழிகாட்டியே அச்சில் வைத்த பெயரை, வித்தில்லாத வெறும் இலையை வைத்து மறுப்பதை ஏற்க முடியாது, முதுகில் புள்ளி உள்ள இலையைக் காட்டுங்கள், இல்லையென்றால் ஆய்வேட்டைத் திருப்பி எழுதுங்கள் என்பது தீர்ப்பு. திருப்பி எழுதவோ பல்கலைக்கழகக் கெடு இடம் தரவில்லை. பட்டம் கையில் வந்தால் சேர்ந்துகொள்ளலாம் என்று ஓர் ஊரில் ஆசிரியர் வேலை வேறு காத்துக்கொண்டிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

மழை முடிகிற நேரம், இப்போது போனால் புள்ளி வந்திருக்கும். ஆனால் அவள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள், ஆபரேஷன், ஆண் குழந்தை. கணவருக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. "நான் போறேன்த்தா, எனக்குத் தெரியாத எடமா?" என்று வெள்ளைச்சாமி கிளம்பினார். நாங்கள் வன அனுமதி வாங்கிக் கொடுத்தோம். வனக் காவலர் ஒருவர் கூடப் போனார். படுக்கையில் கிடந்த மகள் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினாள். "அப்பா, வளமான எலையாப் பாத்துப் பறிச்சு மைமூன் மேடம் கையில குடுத்துருங்க."

அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. எங்கள் பாஷையில் 'வளமான இலை' என்றால் முதுகில் வித்து உள்ள இலை. பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கும். கொடிக்கால்காரர் பாஷையில் 'வளமான இலை' என்றால் என்ன? எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அவர் மலையிலிருந்து இறங்கிய பிறகு மேலே பேய்மழை பெய்தது. மழை விட்டபின் ஒரு காலை, சலவைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் வாழை மட்டையில் வைத்து நாரால் கட்டிய கட்டுமாக ஹெர்பேரியத்துக்கு வந்தார்.

"டீச்சரம்மா, கொண்டாந்துட்டேன். இத ஒப்படச்சுட்டுப் பேரன பாக்கப் போகணும்."

கட்டைப் பிரித்தேன். அவ்வளவு சுத்தமான பெரணியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பச்சைப் பசேலென்று எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது. ஆசையாகத் திருப்பினேன். முதுகு மொட்டையாக இருந்தது. அடுத்ததும் மொட்டை. எல்லாமே மொட்டை.

"அண்ணே, இதுக்குப் பின்னாடி பழுப்பாப் புள்ளி இருந்துச்சா?"

"அத ஏம்மா கேக்குறீங்க! அம்புட்டும் துரு நோயி. ஒரு எலைய விட்டு வைக்கல. எம்மக வளமான எலையா வேணும்னுச்சு, அங்க நோயில்லாத எல ஒண்ணுகூட இல்ல. நோயி புடிச்சத ஒங்க கையில குடுக்குறது மரியாதையா? இருக்குறதுல பெருசாப் பறிச்சு, வீட்டுல வச்சு, வெத்தலையத் தொடைக்கிற மாதிரி ஒண்ணொண்ணா முதுகத் தொடச்சுட்டேன்."

"காம்பு?"

"அதையும் கிள்ளிட்டேன். பெரியவுகளுக்குக் காம்போடயா வெத்தல குடுப்பாக?"

"கிள்ளுன காம்பு எங்கண்ணே?"

"ஆடு தின்னுருச்சு."

யா அல்லாஹ் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் வருவது ஊரறிந்த விஷயம். அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை. மரியாதை தெரிந்த மனிதர், மரியாதை என்று நினைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்திருக்கிறார். அவரை என்னவென்று திட்டுவது?

பொன்னுச்சாமி சார் வந்தார். இலையைத் திருப்பினார், வெள்ளைச்சாமியின் முகத்தைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. முதலில் அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னார். பிறகு, "பரவாயில்லீங்க, இன்னொருக்கா போனாப் போகுது" என்று வனக் காவலருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "சார், ஓடைக்கரை அப்படியே சரிஞ்சு போச்சு. நேத்துதான் பாத்துட்டு வந்தேன். அந்த எடத்துல இப்ப வெறும் பாறைதான் சார் தெரியுது."

வெள்ளைச்சாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தாயீ, அப்ப எம்புள்ள படிப்பு போச்சா?" என்று என்னைக் கேட்டார். "வெவரமாச் சொல்லுங்க. நாந்தேன் கெடுத்துட்டேனா?"

சார்தான், "இப்ப அம்மிணிகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க, பச்ச ஒடம்பு" என்று சொல்லிவிட்டு இலையை லென்ஸுக்குக் கீழே வைத்தார். துடைத்த இடத்தில் புள்ளிகளின் தழும்பு இருந்தது. ஒவ்வொரு தழும்பின் நடுவிலும் ஏதோ முறிந்த மாதிரி ஒரு துளி மேடு. "இருக்கலாமுங்க" என்றார். குரலில் உயிரில்லை.

விஷயம் இவ்வளவுதான். சார் முன்பு வைத்த பெயருள்ள சாதாரண இனத்துக்கு மூடி முந்திரிப் பருப்பு வடிவத்தில் இருக்கும், வளைவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். பாண்டிச்செல்வி சொல்கிற இனத்துக்கு மூடி வட்டமாக, நடுவில் காம்பு வைத்து, குடை மாதிரி இருக்கும். முந்திரியா குடையா? இதற்குப் பதில் கிடைத்தால் அவளுக்குப் பட்டம். அந்த மூடிகளைத்தான் அப்பா துடைத்துவிட்டார்.

துடைத்தது எங்கே போகும்? எனக்குத் திடீரென்று உறைத்தது.

"அண்ணே, எத வச்சுத் தொடச்சீங்க?"

"எந்தோள்துண்டுதேன்."

"அது எங்க?"

"வீட்டுல கெடக்கு. அழுக்குத் துண்டப் போட்டுக்கிட்டா ஒங்க முன்னாடி வந்து நிப்பேன்?"

மறுபடியும் மரியாதை! அவர் மனைவி ஆஸ்பத்திரியில் மகளோடு இருந்தார். வீட்டையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது அவர் தங்கை. அவர் வீட்டுக்குப் போன் போட்டதும், போனை அவர் கையிலிருந்து நானே பிடுங்கிக்கொண்டேன்.

"அம்மா, அண்ணன் துண்டத் தொவச்சிட்டீங்களா?"

"நீங்க யாரு? தொவைக்கத்தான் எடுத்துப் போட்டிருக்கேன். கொழாயில தண்ணி வந்தாத்தான தொவைக்க? இந்த ஊருல குடிக்கவே தண்ணியக் காணோம்."

"தொடாதீங்க! ஒதறாதீங்க! அப்படியே கெடக்கட்டும்!"

"ஏன், துண்டுல தங்கமா இருக்கு?"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் குழாயில் தண்ணீர் வராததற்கு அல்ஹம்துலில்லாஹ் என்று நன்றி சொன்னேன்.

நானும் வெள்ளைச்சாமியும் பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனோம். துண்டு கொடிக்கால் மண்வெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. வெள்ளைப் பூத்துண்டு, பழுப்புக் கறை. அத்தா தோல் மடிப்பது போல உள்பக்கமாக மடித்து, செய்தித்தாளில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அவர் தங்கை கொடுத்த மோரைக்கூட நின்றபடிதான் குடித்தேன்.

ஹெர்பேரியத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டோம். ஜன்னலைச் சாத்தினோம். திண்டுக்கல் வெக்கையில் சாருக்கும் எனக்கும் வேர்த்துக் கொட்டியது, ஒரு சொட்டுத் துண்டில் விழக் கூடாது. வெள்ளைத் தாளின் மேல் துண்டை விரித்து, மைக்ராஸ்கோப்பை இழுத்து வைத்து, நூலிழைகளுக்கு நடுவே மெல்லிய தூரிகை நுனியை ஈரப்படுத்தித் தேட ஆரம்பித்தேன். முதலில் வெறும் வித்துத் தூள்தான் வந்தது. பிறகு துணிப் பிசிறு. வெற்றிலைத் துணுக்கு. புகையிலைத் தூள். வெள்ளைச்சாமி மூலையில் நின்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்.

துண்டின் நூல்சுருள் ஒன்றின் மடிப்பில் அது ஒட்டியிருந்தது. வட்டம். நடுவில் ஒரு முறிந்த காம்பு. மழை நின்றபின் விரித்துக் காயவைத்த குடையேதான். தூரிகையில் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். அடுத்தது, அதற்கடுத்தது என்று வந்துகொண்டே இருந்தன. எல்லாம் குடை.

சார் பார்த்தார். மறுபடி பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்குமுங்க" என்றார்.

எனக்கு எரிச்சல் மண்டிவிட்டது. "இன்னும் என்ன சார்? குடையப் பாத்துட்டு ‘இருக்கும்’னு சொன்னா எப்படி?"

"கோவப்படாதீங்கம்மா. தேர்வாளர் கேப்பாருங்க. முந்திரி மூடியை அழுத்தித் தொடச்சா, சுருண்டு வட்டமாயிருமோன்னு கேப்பாரு. நம்மகிட்ட பதில் இருக்குதுங்களா?"

இல்லைதான். துறைத் தோட்டத்தில், ஈரச் சாக்குப் போட்டு நாங்கள் காப்பாற்றி வந்த ஒரு தொட்டியில் அந்தச் சாதாரண இனம் இருந்தது. முதுகு நிறையப் புள்ளி. சார் அதன் இலைகளைப் பறித்துவந்தார். கடையிலிருந்து அதே மாதிரிப் பூத்துண்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். இரண்டையும் வெள்ளைச்சாமி முன்னால் வைத்தார்.

"அய்யா, இதைத் தொடச்சுக் குடுங்க."

வெள்ளைச்சாமி இரண்டடி பின்னால் போனார். "வேண்டாஞ்சாமி. தொடச்சு ஒரு குடிய கெடுத்தது போதும்."

"நீங்கதானுங்க தொடைக்கோணும். எங்க கைக்கு அது வராது. அன்னைக்கு எப்படித் தொடச்சீங்களோ அதே மாதிரி. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது உள்ளங்கையில் இலையைக் குப்புறப் போட்டு, துண்டின் முனையைப் பெருவிரலில் சுற்றி, காம்பிலிருந்து நுனிவரைக்கும் ஒரே இழுப்பு. திருப்பி இன்னொரு இழுப்பு. வேலை அதுபாட்டுக்கு ஓடியது. கடைசியில் பழக்க தோஷத்தில் காம்பையும் கிள்ளிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். சார் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு.

புதுத் துண்டை லென்ஸில் வைத்தோம். கிழிந்தும் கசங்கியும் நிறைய மூடிகள் கிடைத்தன. அத்தனையும் முந்திரிப் பருப்பு. வட்டம் ஒன்றுகூட இல்லை. பிறகு சார் மலையிலிருந்து வந்த இலையின் தழும்பை மறுபடி பார்த்தார். நடுவில் இருந்த அந்தத் துளி மேடு, குடைக்காம்பு முறிந்த இடம். பழைய துண்டில் இருந்த குடையின் காம்பு முனையும் அதற்குச் சரியாக இருந்தது.

அவர் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி, வெள்ளைச்சாமியைப் பார்த்துச் சொன்னார்.

"இருக்குதுங்க."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். வெள்ளைச்சாமிக்கு அந்த வார்த்தையின் எடை எப்படித் தெரியும்? "எது இருக்கு, எங்க இருக்கு?" என்று மேஜையைச் சுற்றித் தேடினார்.

சார் அன்றைக்கே அலமாரியிலிருந்து தன்னுடைய பழைய தாளை எடுத்தார். இலையோரத்து முள்ளை வெள்ளைச்சாமி கொண்டுவந்த இலையோடு ஒத்துப் பார்த்துவிட்டு, தன் கையெழுத்தில் இருந்த பழைய சீட்டுக்குப் பக்கத்தில் பாண்டிச்செல்வி சொன்ன பெயரை எழுதி ஒட்டினார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. மகளுடைய நிச்சயதார்த்த ஓலையில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி இருந்தார். இப்படிப்பட்டவருக்குக் கீழே வேலை பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கும்? எனக்கு வாய்த்தது. தொழுகையில் நன்றி சொல்லும்போது இன்றைக்கும் அவர் முகம் வராமல் இருப்பதில்லை.

புது இலைகளைத் தாளில் ஒட்டியபோது, துண்டிலும் ஒரு சின்னச் சதுரம் வெட்டிக் காகித உறையில் போட்டு அதோடு ஒட்ட வேண்டியிருந்தது, அதுதானே ஆதாரம். வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "துண்டு என்ன தாயீ, வேட்டியவே வெட்டிக்கிடுங்க" என்றார். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் மகள் பெயரைப் போடச் சொன்னார். பறித்த கை யாருடையதோ அவர் பெயர்தான் போட முடியும் என்று சொல்லி, 'வெள்ளைச்சாமி' என்று எழுதினேன்.

சில மாதங்கள் கழித்து வாய்மொழித் தேர்வு. அது பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பாண்டிச்செல்வி பட்டுச் சேலையில் வந்தாள். குழந்தையை அவள் அம்மா வெளியே தாலாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச்சாமி கடைசி வரிசையில், சுவரோரமாக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, அவள் சிரித்துக்கூட விட்டாள். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். தேர்வு முடியும்வரை எதுவும் நிச்சயமில்லை என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

தேர்வாளர் கறார்ப் பேர்வழி. ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இந்தத் தாளில் நின்றார். காகித உறையைப் பிரித்து, உள்ளே இருந்த துணியைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னம்மா?"

"எங்கப்பா துண்டு சார்" என்றாள் பாண்டிச்செல்வி.

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். இரண்டு துண்டுகளிலும் கிடைத்த மூடிகளின் படத்தைத் திரையில் காட்டினாள். தேர்வாளர் கேள்விமேல் கேள்வி கேட்டார், அவள் ஒன்றுக்கும் அசரவில்லை. கடைசியில் அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பெயரைப் படித்தார்.

"இதைச் சேகரித்த வெள்ளைச்சாமி யாரு?"

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டார்.

"நாந்தாய்யா. பறிச்சதும் நாந்தேன், தொடச்சதும் நாந்தேன். புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கிடுறேன். அதப் பாஸாக்கி விட்ருங்க."

தேர்வாளர் தன் இடத்திலிருந்து எழுந்து கடைசி வரிசைவரைக்கும் நடந்து போனார்.

"அய்யா, அந்தக் கரை சரிஞ்ச பிறகு இந்தச் செடியை அங்க யாரும் பாக்கல. கடைசியாப் பாத்தவர் நீங்கதான். அன்னைக்கு நீங்க மலையேறிப் போகலேன்னா, இப்படி ஒண்ணு இந்த மலையில இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாமப் போயிருக்கும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

வெள்ளைச்சாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு வேண்டிய செய்தி அதில் இல்லை.

"சரிங்கய்யா. அப்ப, புள்ள பாஸா?"

அறையே சிரித்தது. தேர்வாளரும் சிரித்துக்கொண்டு, "பாஸ்தான்யா. டாக்டர் பாண்டிச்செல்வி" என்றார்.

வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, தேர்வாளரைக் கும்பிட்டார், பொன்னுச்சாமி சாரைக் கும்பிட்டார், என்னைக் கும்பிட்டார், டீ கொண்டுவந்தவரைக் கும்பிட்டார். பிறகு முன்னால் நின்ற மகளையும், கை இறக்காமல், அதே மாதிரி கும்பிட்டார். "அப்பா, என்னப்பா இது" என்று அவள் ஓடிவந்து அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.